பூசையில் வைத்த புத்தகம்

சுசித்ரா சென்னையிலிருந்து தோற்றுத் திரும்பியதைப் போன வாரம் படித்தவர்களுக்கு அவள் மேல் கொஞ்சம் கோபம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். தோற்றதற்காக இல்லை. பஸ்ஸ்டாண்டுக்கு அழைக்க வந்த அப்பாவிடம் "கொஞ்சத்துல போச்சுப்பா" என்று ஒரு பொய் சொன்னாளே, அதற்காக. கொஞ்சத்தில் போகவில்லை. மொத்தமாகவே போயிருந்தது.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. சுசித்ரா, போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சிவக்குமாரின் ஒரே மகள். கணக்கில் பட்டம் வாங்கியவள். ஆக்சுவரி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இன்சூரன்ஸ் கம்பெனிகளில் எத்தனை வண்டி மோதும், எத்தனை வீடு எரியும், எத்தனை பேர் ஈடு கேட்டு வருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பெயர். அதற்குப் படிப்படியாகப் பல தேர்வுகள். முதல் படி நிகழ்தகவு. அந்த முதல் படியில்தான் நம் பெண் சறுக்கி விழுந்திருக்கிறாள்.

கார்த்திகையில் மறுபடி எழுதப் போகிறாள். தேறினால் சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை தரக் காத்திருக்கிறது. தேறாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் பேசாமல் பி.எட். சேர வேண்டும் என்பது அம்மா கற்பகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

இப்போது அவளை அலைக்கழிப்பது ஒரே கேள்வி. எதை வைத்துப் படிப்பது?

கையில் மூன்று இருந்தன. முதலாவது அப்பா கொண்டுவந்த தடிப் புத்தகம். இரண்டாவது இணையத்தில் ஒரு வகுப்பு. வீடியோவும் மாதிரித் தேர்வும் சேர்ந்தது. ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த ஒரு வாரம் இன்று இரவோடு முடிகிறது. மூன்றாவது, தேர்வு நடத்தும் சங்கமே இலவசமாகப் போட்டிருக்கும் கேள்விகள். அதை அவள் ஒருமுறை திறந்து பார்த்துப் பயந்து மூடியதோடு சரி.

எல்லா நாளையும் விட்டுவிட்டு இன்றைக்கென்று பார்த்து ஆயுத பூசை.

"புஸ்தகத்தையெல்லாம் வெரசா கொண்டா," என்று கற்பகம் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். சாமி அறையில் மணைப்பலகை போட்டுக் கோலமிட்டாகிவிட்டது. சந்தனம் குழைத்த கிண்ணம் காத்திருந்தது. "அந்தக் கம்ப்யூட்டரையும் சேத்துக் கொண்டா. பொட்டு வெச்சுட்டா நாளைக்கு விடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

சுசித்ரா கெஞ்சிப் பார்த்தாள். இன்றைக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதியே ஆக வேண்டும், நாளைக்கு அது திறக்காது என்றாள். கற்பகத்திடம் அதெல்லாம் நடக்கிற காரியமா? படிப்பு கொடுக்கிற சாமிக்கு ஒரு நாள் விட்டுக்கொடுக்க முடியாதவளுக்கு அந்தச் சாமி எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். அதற்கும் மகள் அசையவில்லை என்றதும் பெரிய அஸ்திரத்தை எடுத்தாள்.

"நமக்குச் சோறு போடறதே உங்கப்பாவோட சல்லடைதான். அதையே தூக்கி வெச்சுட்டு அவரு ஒரு நாள் சோலி இல்லாம இருக்காரு. நீ என்ன பெரிய இவளா?"

ஏலக்காயைப் பருமன் வாரியாகப் பிரிக்கிற சல்லடை ஒவ்வொரு வருசமும் இந்த மணைப்பலகையில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருப்பதைச் சுசித்ரா விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருகிறாள்.

கம்ப்யூட்டரில் கடைக் கணக்கும் இருக்கிறது, அப்பாவுக்கு எந்த நேரமும் தேவைப்படும் என்று சொல்லி அதை மட்டும் தப்பவைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். எதையாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவள் கை தடிப் புத்தகத்துக்குத்தான் போனது. யோசித்துப் போகவில்லை, தானாகப் போனது. எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் வைத்தாள். கற்பகத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொன்னால்தான் அவள் கை ஏன் அதற்குப் போனது என்பது புரியும்.

அது முத்துக்கிருஷ்ணன் மகன் அருண்பாண்டி படித்த புத்தகம். முத்துக்கிருஷ்ணனும் சிவக்குமாரும் ஒரே தெருவில் கடை வைத்திருந்தும் பல வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு ஏலத்தில் இருவரும் வீம்புக்கு விலையை ஏற்றிக்கொண்டே போக, முத்துக்கிருஷ்ணன் சட்டென்று ஒதுங்கிச் சிரித்தார். வாங்கிய விலைக்கு விற்க முடியாமல் சிவக்குமார் அந்த வருசம் பட்ட பாட்டை நாம் மூன்றாவது அத்தியாயத்திலேயே பார்த்தோம். அந்தச் சிரிப்பை மறக்காத மனிதர், மகள் படிப்புக்காக முத்துக்கிருஷ்ணன் வீட்டுப் படியேறினார். வாசலில் நின்று புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அருண்பாண்டி இதைப் படித்துத்தான் ஒரே முயற்சியில் தேறி மும்பையில் வேலையில் இருக்கிறான். சிவக்குமாருக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அதில் இன்னொரு வசதியும் இருப்பதாக அவர் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்திலேயே அருண்பாண்டி பென்சிலில் அழகாகப் போட்டுக் காட்டியிருந்தான். "உனக்குச் சிரமமே இல்ல ஆத்தா. எல்லாம் போட்டே வெச்சிருக்கான்."

அதுதான் வினையே. சுசித்ரா கேள்வியைப் படிப்பாள். கண் தானாகப் பென்சில் பக்கம் சாயும். "ஆமா, இப்படித்தானே வரும்" என்று தலை ஆடும். அடுத்த பக்கம். புத்தகத்தை முடித்தபோது எல்லாமே தெரிந்ததுபோல் இருந்தது. தேர்வு அறையில் திரையில் கேள்வி மட்டும் வந்தது. பென்சில் வரவில்லை.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? படியேறி வாங்கி வந்த புத்தகத்தால்தான் தோற்றேன் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குத்தான் அந்தக் "கொஞ்சத்துல போச்சு". அதை நம்பிய சிவக்குமார், புத்தகத்தை இன்னொரு முறை நன்றாகப் படித்தால் போதும் என்று முடிவுகட்டிவிட்டார்.

குளித்து முடித்துச் சல்லடையோடு சாமி அறைக்கு வந்தவர், பலகையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து நின்றார்.

"இதையா வெச்சே?"

"ஆமாப்பா."

"ம்."

சல்லடையைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கற்பகம் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, அட்டையின் நடுவில் தானே ஒரு பொட்டு வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மனுசன் உருகிப்போனார் என்று கற்பகம் சொன்னாள். சுசித்ராவும் அப்படித்தான் நினைத்தாள்.

மதியம் கடைக்கு லீவு. வீட்டை ஒட்டியே இருக்கும் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் யாரும் இல்லை. அம்மா சுண்டலுக்குத் தாளிக்கிற நேரம் பார்த்து, மடிக் கம்ப்யூட்டரை முந்தானையில் மறைத்துக்கொண்டு சுசித்ரா அங்கே நழுவினாள். பூசை நாளில் திருட்டுத்தனமாகப் படிக்கிற பெண்ணை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு, தோழி முத்துப்பிரியாவுக்கு போன் செய்தாள். ராசிங்காபுரத்துக்காரி. கல்லூரியில் கூடப் படித்தவள். முதல் தேர்வை எப்போதோ தாண்டி இரண்டாவதுக்குப் போய்விட்டாள். அந்த வகுப்பில் சேரலாமா என்று சுசித்ரா கேட்டாள். வீடியோவில் ஒரு ஆள் சொல்லித் தருகிறார், தேனாக இருக்கிறது, கேட்டால் எல்லாம் புரிகிறது என்றாள்.

முத்துப்பிரியா சிரித்தாள். "கேட்டாப் புரியும்டி. நீ போட்டா வருதா?"

வெற்றுத் தாளும் கடிகாரமும் மட்டும் வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வை எழுது, அதற்கப்புறம் என்னிடம் பேசு என்று வைத்துவிட்டாள்.

சுசித்ரா எழுதினாள். முதல் கேள்வியிலேயே உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள். வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். வெளியே அம்மாவின் கொலுசுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூடி மூடித் திறந்தாள். நடுவில் ஒரு கேள்வி வந்தது. மழையால் வேலை நின்றுபோகும் நாட்களுக்கு ஈடு கொடுக்கும் ஒரு இன்சூரன்ஸ். முதல் நாளுக்குக் கிடையாது, அதற்கப்புறம் நாளுக்கு இவ்வளவு. கம்பெனி சராசரியாக எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்?

இது அவளுக்குத் தெரிந்த கேள்வி. இதே மாதிரி ஒன்று தடிப் புத்தகத்தில் இடது பக்கம், கீழே இருந்தது. அருண்பாண்டி அதில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தான். அம்புக்குறியின் வளைவுகூடக் கண்முன் வந்தது. அது எங்கிருந்து எங்கே போனது, ஏன் போனது என்பதுதான் வரவில்லை.

முடித்தபோது பாதிகூடத் தேறவில்லை. மழைக் கேள்வியும் தப்பு.

அழுகை வந்தது. அழுதுகொண்டே அதே பாடத்துக்கான வீடியோவைப் போட்டாள். அந்த ஆள் அதே மாதிரிக் கணக்கை எடுத்து, பூப்போலப் பிரித்துப் போட்டுக் காட்டினார். "ஆமா, இப்படித்தானே" என்று சுசித்ராவின் தலை ஆடியது.

ஆடிய தலை அப்படியே நின்றது. இந்த ஆட்டம் அவளுக்குத் தெரியும். பென்சிலுக்குப் பதிலாக இங்கே ஒரு மனுசன் பேசுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். கேள்விக்கும் அவளுக்கும் நடுவில் யாரோ ஒருத்தர் வந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

வீடியோவை மூடினாள். மூன்றாவதைத் திறந்தாள். சங்கத்தின் இலவசக் கேள்விகள். படம் இல்லை, விளக்கம் இல்லை. வரிசையாகக் கேள்விகள் மட்டும். விடைகள் தனியாக வேறு கோப்பில். பார்க்கவே வறட்சியாக இருந்தது. முதல் கேள்விக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். இரண்டு தாள் வீணானது. கடைசியில் வந்தது. விடையை எடுத்துப் பார்த்தால், சரி.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் தானே போட்ட கணக்கு அது. சந்தோசம் வர வேண்டும்தானே? பயம்தான் வந்தது. இதுதான் வழி என்று தெரிந்துபோயிற்று. அப்படியென்றால் அந்தத் தடிப் புத்தகத்தை இனித் தொடக் கூடாது. அதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

பூசை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். விளக்கேற்றி, தீபாராதனை காட்டி, சுண்டலைக் கையில் வாங்குகிற நேரத்தில் சிவக்குமார் முந்திக்கொண்டார்.

"அருண்பாண்டி லீவுக்கு வந்திருக்கான். நேத்தே போய்ச் சொல்லிட்டு வந்தேன். நாளைக்கு விசயதசமி. காலையில அவங்கப்பாவோட வர்றான். புஸ்தகத்தை எடுத்து வெச்சு உனக்கு முதல்லருந்து சொல்லித் தருவான்."

மகள் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முத்துக்கிருஷ்ணன் நம் வீட்டுப் படியேறுகிறாரா என்று கற்பகம் இரண்டு தடவை கேட்டாள். பலகாரம் செய்ய மாவு இருக்கிறதா என்று பார்க்க அடுக்களைக்கு ஓடினாள். சுசித்ராவின் வாயிலிருந்த சுண்டல் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வாசலில் ஜீப்பு ஹார்ன் அடித்தது.

மலைமேல் பூப்பாறையிலிருந்து ஏலக்காய் லோடு. டிரைவர் சுருளி தொப்பலாக நனைந்து இறங்கினான். நாளைக்கு வர வேண்டிய லோடு. எஸ்டேட்டில் லீவுக்கு முன்னால் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். போடிமெட்டு இறக்கத்தில் மழை பிடித்துத் தார்ப்பாய் கிழிந்துவிட்டது. "மேல் மூட்டைக நனைஞ்சுபோச்சுண்ணே. ஒதுங்க இடமில்ல, வந்துட்டேன்."

நனைந்த ஏலக்காயை மூட்டையிலேயே விட்டால் விடிவதற்குள் பச்சை நிறம் போய்விடும். உடனே கொட்டி, சல்லடையில் போட்டு உதறி, தூசியும் காம்பும் போக்கிப் பரப்ப வேண்டும். ஆள் கிடையாது. சுருளி மூட்டைகளை இறக்க, அப்பாவும் மகளும் கிட்டங்கிக்கு ஓடினார்கள்.

"சல்லடை பூசையில இருக்கேப்பா," என்றாள் சுசித்ரா.

சிவக்குமார் கதவுக்குப் பின்னால் போனார். அங்கே தொங்கிய பழைய சாக்கை விலக்கினார். உள்ளே ஆணியில் ஒரு சல்லடை மாட்டியிருந்தது. மரச் சட்டம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. வலை இரண்டு இடத்தில் கம்பி போட்டுத் தைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்து, ஈரக் காயை அள்ளிப் போட்டு ஆட்ட ஆரம்பித்தார்.

சுசித்ரா சாமி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ பூசையில இருக்கிறது?"

"அது பித்தளைச் சட்டம் போட்டது. வியாபாரிக சங்கத்துல மேடையில கூப்பிட்டுக் குடுத்தாங்க. அதுல ஒரு காய்கூடச் சலிச்சதில்ல." சல்லடை ஆடிக்கொண்டே இருந்தது. "சீசன் நேரத்துல லோடு எப்ப வரும்னு சொல்ல முடியுமா? சோலிக்கு ஆகுறதை ஒரு நாள் முழுக்க யாராவது தூக்கி வெப்பாங்களா ஆத்தா?"

அவர் நிமிரவில்லை.

"காலையில அந்தப் புஸ்தகம் பலகையில இருந்ததைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சுசித்ரா அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். பொட்டு வைத்தபோது அந்த மனிதர் மனதில் என்ன ஓடியிருக்கும்? நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு எங்கே சுற்றினாரோ? அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பென்சிலைச் சொன்னாள். தலையாட்டியதைச் சொன்னாள். கொஞ்சத்தில் போகவில்லை, மொத்தமாகப் போனது என்பதையும் சொன்னாள். சொல்லும்போது கை அதுபாட்டுக்கு ஈரக் காயைப் பரப்பிக்கொண்டிருந்தது.

"நான் போய் நின்னு வாங்கினதை நெனச்சு இத்தனை நாள் வெச்சுப் பாத்தியாக்கும்," என்றார். குரல் கம்மியிருந்தது. கோபம் மாதிரி தெரியவில்லை. அது கோபமாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"உனக்கு இப்ப என்னதான் வேணும்?"

"கேள்வி மட்டும் போதும்ப்பா. பக்கத்துல யாரும் போட்டு வெச்சிருக்கக் கூடாது."

"யாரும் உக்காந்து சொல்லித் தரவும் கூடாது."

"ஆமாப்பா."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த கூடையை அள்ளிப் போட்டார். கதவருகே நிழல் தட்டியது. கற்பகம் டீயோடு நின்றிருந்தாள். அவள் பார்வை கணவர் கையிலிருந்த சல்லடைக்கும் மகள் மதியம் மூட்டைகளுக்கு நடுவே மறைத்துவைத்திருந்த கம்ப்யூட்டருக்கும் போய் வந்தது. திட்டப் போகிறாள் என்று இருவரும் குனிந்துகொண்டார்கள்.

"சாமிக்கு அப்பனும் மகளும் ஒரே மாதிரிதான் குடுக்கிறீக," என்றாள். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சுசித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. காலையிலிருந்து இந்த வீட்டில் முதல் சிரிப்பு. அது அடங்குவதற்குள் சிவக்குமாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் ஈரம். எடுத்துப் பிடி என்று மகளுக்குக் கண் காட்டினார். அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் வாயருகே பிடித்தாள்.

முத்துக்கிருஷ்ணன். குரலில் உற்சாகம் வழிந்தது. இத்தனை வருசம் கழித்து உன் வீட்டுக்கு வரப்போகிறேன், தூக்கமே வராது போலிருக்கிறது என்றார். வீட்டம்மாவும் வருகிறாள் என்றார்.

"பையன் பொறுப்பைப் பாரு, சிவக்குமாரு. அந்தப் புஸ்தகத்துல கடைசிப் பாடங்கள்ல அவன் எழுதாம விட்ட எடம் கொஞ்சம் இருக்காம். நாளைக்கு ஒக்காந்து பாப்பாவுக்கு அதையும் எழுதிக் குடுத்துர்றேங்கிறான். இப்பவே பென்சிலைச் சீவி வெச்சுட்டான்."

சல்லடை நின்றுவிட்டது. சிவக்குமார் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். போனில் அந்தப் பக்கமும் காத்திருந்தது.

"வாங்கண்ணே," என்றார் சிவக்குமார்.

முத்துக்கிருஷ்ணனை அப்பா அண்ணே என்று கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.